பழைய காரின் எஞ்சின் மிஸ் அடிக்கிறதா? முதலில் சிலிண்டரைக் கண்டுபிடியுங்கள்

மிஸ் அடிப்பது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் போவது. அப்படி எஞ்சின் குலுங்கினால் பிளக் (பெற்றோலைப் பொறியால் பற்றவைப்பது) மாற்று, கொயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) மாற்று என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊகத்தில் பாகம் வாங்காதீர்கள். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் டாஷ்போர்ட். சாவியை ஒன் செய்ததும் எச்சரிக்கை லைற்றுகள் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போது சிவப்பு ஒயில் லைற் எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டவே கூடாது. மஞ்சள் எஞ்சின் லைற் அசையாமல் எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். அது விட்டுவிட்டு மின்னினால் அப்படியல்ல. எரியாத பெற்றோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுக்கும். அதன் விலை பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு.

அடுத்து சிலிண்டர். காரின் கம்பியூட்டர் பதிந்த கோளாறு எண்ணை (கோட்) வாசிக்கும் ஓபிடி ஸ்கேனர் பொருந்தும் வாகனத்தில் பி0301 (P0301) என்று வந்தால் முதலாவது சிலிண்டர், பி0302 இரண்டாவது. பி0300 வந்தால் கோளாறு ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. 1990களின் டொயோட்டாக்கள் பலவற்றில் பொனற்றுக்குள் ஒரு சிறு டயக்னோசிஸ் பெட்டி இருக்கும். அதில் டிஇ1 (TE1), இ1 (E1) துளைகளை வயரால் இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒன் செய்யுங்கள். எஞ்சின் லைற் மின்னும் எண்ணிக்கைதான் கோட். ஒருமுறை மின்னி, சற்று நின்று, நான்குமுறை மின்னினால் 14, அதாவது இக்னிஷன் சிக்னல் கோளாறு.

இரண்டுக்கும் வழியில்லையா? எஞ்சினை அணைத்து ஒரு சிலிண்டருக்குப் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குலுக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எதுவுமே மாறாவிட்டால் பழுது அதில்தான். ஓடும் எஞ்சினில் பிளக் வயரைக் கையால் இழுக்காதீர்கள், ஷொக் அடிக்கும்.

சரி, முதலாவது சிலிண்டர்தான் என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கொயில் இருந்தால், அதன் கொயிலை மூன்றாவது சிலிண்டரின் கொயிலுடன் மாற்றி, ஸ்கேனரால் பழைய கோட் எண்ணை அழித்து, கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். பி0303 வந்தால் கொயில் பழுது. பி0301 அப்படியே நின்றால் பிளக்கையும் இதேபோல் இடம் மாற்றுங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன்.

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களுக்கு இன்னொரு வேலை உண்டு. பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, கொயில் கனெக்டர்களையும் எஞ்சினிலிருந்து காரின் பொடிக்கு (உடற்தகட்டுக்கு) போகும் ஏர்த் வயரையும் பாருங்கள். பச்சைப் பூப்பு இருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பிளக் வயருள்ள பழைய எஞ்சின் என்றால் இருட்டில் ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்து பாருங்கள், கசியும் வயரில் நீலப்பொறி தெரியும்.

எஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுகிறது, ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஒயில் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். திரும்பப் பூட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள்.

பி0300 வந்து, ஐடிலில் (பெடலை மிதிக்காமல் ஓடும்போது) மட்டும் குலுங்கி, 'ஸ்ஸ்' சத்தமும் கேட்டால் வெடித்துக் காற்றை உள்ளே இழுக்கும் வக்கியூம் குழாயைத் தேடுங்கள். இத்தனைக்குப் பிறகும் தீராவிட்டால் கராஜில் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சிலிண்டர், எதையெல்லாம் இடம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.