ரிமோட் டெஸ்க்டாப் இழுக்கிறதா? அழகைக் கொல்வதற்கு முன்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வந்து நின்றான். "அண்ணா, வால்பேப்பர், அனிமேஷன், ஃபான்ட் ஸ்மூத்திங் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன். இன்னும் இழுக்குது." திரையை எட்டிப் பார்த்தேன். கறுப்புப் பின்னணி, ரம்பப் பல் மாதிரி எழுத்துகள். பல வருஷங்களுக்கு முன்னால் நான் செய்து வைத்த அதே அலங்கோலம்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வைஃபை சிக்னல் இருக்கிறதா, கேபிள் கழன்றிருக்கிறதா என்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இங்கே சொல்வது பெரும்பாலும் விண்டோஸின் ஆர்டிபி பற்றி, அதாவது தூரத்து மெஷினின் திரையை உங்கள் மெஷினில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் முறை.

தாமதத்துக்குப் பதிலாகப் படத்தைக் குறைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேல்தான்.

கணக்கு வேலை பார்க்கும் ஒரு குழு, வெகு தொலைவில் இருந்த சர்வரில் ஆர்டிபி வழியாக வேலை செய்துகொண்டிருந்தது. "எண்ணை அடிச்சா ஒரு நொடி கழிச்சுத்தான் வருது" என்று புகார். நான் யோசிக்கவே இல்லை. கனெக்‌ஷன் விண்டோவில் எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்துக்குப் போய், இணைப்பு வேகத்தை 56 கேபிபிஎஸ் மோடம் என்று மாற்றினேன். அழகுக்கான டிக் எல்லாம் பறந்தன. முதல் நாள் எல்லோரும் "கொஞ்சம் பரவாயில்லை" என்றார்கள். ஏதோ மாற்றினேன் என்று தெரிந்ததால் அப்படித் தோன்றியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து ஒரு அக்கா கூப்பிட்டார். 8-ஐ 6 என்று படித்துத் தவறாகப் பதிந்துவிட்டாராம். ஃபான்ட் ஸ்மூத்திங் போன பிறகு, சின்ன எழுத்தில் இருந்த அந்த ஷீட்டில் 8-க்கும் 6-க்கும் நடுவே ஒரேயொரு பிக்சல்தான் வித்தியாசம். எத்தனை வரி அப்படிப் போனது என்று தேடவே இரண்டு நாள் ஆனது. இழுப்போ அப்படியே இருந்தது.

கணக்கு இதுதான். நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அந்தத் தகவல் சர்வருக்குப் போக வேண்டும், அங்கே எழுத்து வரையப்பட வேண்டும், மாறிய துண்டுப் படம் திரும்பி வர வேண்டும். ஒரு எழுத்துக்காக மாறுவது திரையில் நகம் அளவு இடம். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது தூசு. ஆனால் போய்வரும் நேரம்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 10,000 கிலோமீட்டர் என்றால் போக 50 மில்லிசெகண்ட், வர 50. வழியில் எதுவுமே தடுக்காவிட்டாலும் 100. வால்பேப்பரை எடுப்பதால் இதில் ஒரு மில்லிசெகண்ட்கூடக் குறையாது.

அப்புறம்தான் புத்தி வந்து பிங் (ஒரு சின்னத் தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். 180 மில்லிசெகண்ட் வந்தது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிரச்சினை என்னவென்றால் நடுநடுவே 700, 900 என்று குதித்தது. முழுத்திரையில் மேலே வரும் நீலப் பட்டையில் சிக்னல் கோடுகள் மாதிரி ஒரு ஐகான் இருக்கும். அதைச் சொடுக்கினால் இணைப்பின் தரம் எப்படி, யூடிபி (தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திராமல் டேட்டாவை அனுப்பும் முறை) இயங்குகிறதா என்று ஒரு வரியில் சொல்லும். அங்கே யூடிபி என்ற பேச்சே இல்லை. ஃபயர்வாலில் டிசிபி (எல்லாம் வரிசையாகச் சேர்ந்ததை உறுதிசெய்யும் முறை) 3389 என்ற போர்ட், அதாவது வாசல் எண், மட்டும் திறந்திருந்தது. ஆர்டிபி 8.0, அதாவது விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, அதே எண்ணில் யூடிபியையும் பயன்படுத்தும். போதாக்குறைக்கு, இணையத்தின் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான குழாயான விபிஎன்னும் டிசிபியில் ஓடியது. டிசிபிக்குள் டிசிபி என்றால், ஒரு பாக்கெட் தொலைந்ததும் உள்ளே இருப்பதும் மறுபடி அனுப்பும், வெளியே இருப்பதும் மறுபடி அனுப்பும்; பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். விபிஎன்னை யூடிபிக்கு மாற்றி, உள்ளே யூடிபி 3389-ஐயும் திறந்தேன். ஸ்மூத்திங், தீம் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். அன்று மாலையே புகார் நின்றது.

விபிஎன் இல்லாமல் ஆர்டிபி கேட்வே (வெளியிலிருந்து வரும் ஆர்டிபி இணைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு, அதன் யூடிபி எண் 3391. 3389-ஐ நேரே இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். அது வேறு தலைவலி.

ஆகவே டிக்கை எடுக்கப் போகும் முன் இரண்டு நிமிஷம் பிங் ஓடட்டும். எண் சீராக இருந்து, ஜன்னலை இழுக்கும்போதும் ஸ்க்ரோல் செய்யும்போதும் மட்டும் திணறினால் அது படத்தின் சுமை. எழுத்து அடிக்கும்போதே திணறினால் முதல் சந்தேகம் தாமதத்தின் மேல்தான்.

நிறத்தை 16 பிட்டுக்கு இறக்குவது

வேண்டாம். இரு பக்கமும் ஆர்டிபி 8.0 அல்லது அதற்கு மேல் என்றால், நிற ஆழத்தைக் கட்டுப்படுத்தும் குரூப் பாலிசியே (நிர்வாகி விண்டோஸுக்கு வைக்கும் விதி) செல்லாது. எப்போதும் 32 பிட்தான். அந்தப் பாலிசியின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

எழுத்து மங்கினால் கண்ணாடியை மாற்றுவது

சிவப்பு எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்த மாதிரி தெரிகிறதா? ஆர்டிபி படத்தைச் சுருக்கப் பயன்படுத்தும் எச்.264 பொதுவாக 4:2:0 முறையில் ஓடும். நான்கு பிக்சலுக்கு வெளிச்சம் நான்காக வரும், நிறம் ஒன்றாகத்தான் வரும். வீடியோவில் ஒரு முகத்துக்கு இது போதும். மெல்லிய எழுத்துக்குப் போதாது. அதற்காகத்தான் ஆர்டிபி 10-ல், விண்டோஸ் 10, சர்வர் 2016 காலத்தில், ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தையும் அனுப்பும் ஏவிசி 444 வந்தது. குரூப் பாலிசியில் அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம். சர்வருக்கு வேலையும் கூடும், போகும் டேட்டாவும் கூடும். நாள் முழுக்கப் புரோகிராம் கோடோ கணக்கோ பார்ப்பவர்களுக்குக் கொடுங்கள், எல்லோருக்கும் வேண்டாம்.

துடிக்கும் சிவப்புப் புள்ளி

ஒரு சர்வரில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் ஒரே டேஷ்போர்டைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் மூலையில் "நேரலை" என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாக மங்கி மங்கி எரியும். அழகுதான். ஆனால் ஜிபியு (படம் வரைவதற்கான தனிச் சிப்) இல்லாத சர்வரில் அந்தப் புள்ளியை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சிபியு வரைந்து, மாறியதைக் கண்டுபிடித்து, சுருக்கி, பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். யாரும் எதுவும் செய்யாமல் டீ குடிக்கப் போயிருந்தபோதும் சிபியு இறங்கவில்லை; அதை வைத்துத்தான் பிடித்தேன். விண்டோஸ் அனிமேஷனை அணைத்தவர்கள், பிரவுசருக்குள் ஓடும் அனிமேஷனைக் கவனிப்பதே இல்லை.

எல்லோருக்கும் 60 ஃப்ரேம்

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) டிடபிள்யூஎம் ஃப்ரேம் இன்டர்வலை 15 என்று வைத்தால், நொடிக்கு வழக்கமான 30 ஃப்ரேம் 60 ஆகும். ஜிபியு உள்ள தனி மெஷினில் செய்யுங்கள். பலர் பகிரும் சர்வரில் செய்தால் மேலே சொன்ன புள்ளியைச் சிபியு நொடிக்கு இரண்டு மடங்கு தடவை வரைய வேண்டியிருக்கும்.

4கே மானிட்டர் இரண்டையும் நீட்டி விரிப்பது

1920×1080 திரையின் ஒரு ஃப்ரேம், சுருக்காமல் பார்த்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 8.3 எம்பி. 4கே அதைப்போல நான்கு மடங்கு. இரண்டு 4கே என்றால் எட்டு. மாறிய பகுதி மட்டும்தான் போகும் என்பது உண்மை. ஆனால் பெரிய ஷீட்டை ஸ்க்ரோல் செய்தால் மாறிய பகுதியே முழுத்திரைதான். இங்கே குறைத்தால் கண்ணெதிரே பலன் தெரியும். ஒரு மானிட்டரை மட்டும் ரிமோட்டுக்குக் கொடுங்கள், மெயிலும் சாட்டும் உங்கள் மெஷினிலேயே இருக்கட்டும்.

பிட்மேப் கேஷ்

ஏற்கனவே வந்த படத்துண்டுகளை உங்கள் மெஷினில் சேர்த்து வைக்கும் டிக் இது. எடுக்காதீர்கள்.

வால்பேப்பர்

நிலையான படம் இருந்துவிட்டுப் போகட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும் ஸ்லைடுஷோவை மட்டும் நிறுத்துங்கள். தம்பியின் மெஷினிலும் படத்தைத் திரும்ப வைத்துவிட்டோம். இப்போது ஃபயர்வால் ஆளிடம் யூடிபி கேட்டு டிக்கெட் போட்டிருக்கிறான்.