கோழிக்கூண்டில் மலைப்பாம்பு கிடந்தால்

பாலக்காடு - பொள்ளாச்சி எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் வாய்க்கால் ஓரமாகத் தோப்பு வைத்து நாலு கோழியும் வளர்க்கிறவர்களுக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். விடியக்காலை கூண்டைத் திறந்தால் ஒரு கோழியைக் காணோம். மூலையில் வயிறு புடைத்து ஒரு பாம்பு சுருண்டு கிடக்கும். விழுங்கியாச்சு, நுழைந்த சந்து வழியாக வெளியே போக முடியவில்லை.

"பெரும்பாம்புதான் (மலைப்பாம்பு), விஷம் இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கண்ணாடி விரியனும் இதே பழுப்பு நிறத்தில், இதே தடிமனில் கிடக்கும். தள்ளி நின்று முதுகைப் பாருங்கள். விரியனுக்கு நீளவாக்கில் மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள், சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்காக ஓடும். மலைப்பாம்புக்கு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பெரிதும் சிறிதுமாகக் கோணல்மாணலான திட்டுகள், தோலில் ஒரு பளபளப்பு, தலைமேல் ஈட்டிமுனை போல ஓர் அடையாளம். சீறுகிறதா என்று பார்த்துப் பயனில்லை, இரண்டும் சீறும். நீளம் ஓரளவு கைகொடுக்கும்: விரியன் ஐந்தரை அடியைத் தாண்டுவது அபூர்வம். மலைப்பாம்பு பத்தடி வரை சாதாரணமாக வளரும். சின்னதாக இருந்து சந்தேகம் வந்தால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதை இரை கக்க விடாதீர்கள். குச்சியால் குத்தினாலோ தண்ணீர் ஊற்றினாலோ தப்பித்து ஓடுவதற்காக விழுங்கினதைக் கக்கிவிடும். போன கோழி திரும்பி வராது, பாம்புக்கும் உடம்பு கெடும். நாயைக் கட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், கூண்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டு இருட்டாக்குங்கள். கேரளப் பக்கம் என்றால் வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் அருகில் உள்ள பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவரின் எண் கிடைக்கும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அவர்கள் வருவதற்குள் தோளில் போட்டுப் போட்டோ எடுக்க ஒரு தம்பி கட்டாயம் வருவான். விஷம் இல்லை என்பது சரி. ஆனால் உள்நோக்கி வளைந்த பற்கள் இருக்கின்றன. கடித்ததும் கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். சுற்றிக்கொண்டால் வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். இறுக்கினால் இரத்த ஓட்டமே நின்றுபோகும், கோழி அப்படித்தான் செத்தது. இதற்கும் அடங்காவிட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள்: 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. பிடித்தாலும் கொன்றாலும் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை.

மாசியிலிருந்து ஆனி வரை இன்னும் ஒரு விஷயம். ஓலைக் குவியலிலோ வளையிலோ பாம்பு நகராமல் கிடந்து உடம்பு விட்டுவிட்டுத் துடித்தால், நோய் என்று எண்ண வேண்டாம். முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசையைத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்குகிறது. பாம்பு அடைகாக்கும் என்றால் எங்கள் அம்மாயி நம்பவே மாட்டார். குஞ்சு வெளிவர இரண்டு மாதம்போல ஆகும். 2022ல் காசர்கோட்டில் தேசிய நெடுஞ்சாலை வேலையையே ஓரிடத்தில் 54 நாள் நிறுத்தினார்கள், இப்படி ஒரு தாய்ப்பாம்புக்காக. ஓலை வெட்டுவதை நாமும் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

கூண்டுக்கு அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். அதைவிடப் பெரிய கண் என்றால் குட்டிப் பாம்பு நுழையும். அடியில் செங்கல் பரப்புங்கள். எலி தோண்டிய வளை வழியாகத்தான் பாதிப் பாம்பும் வருகிறது. மயிலுக்காக வேலியில் கட்டுகிற நைலான் வலையைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திக் கட்டுங்கள். அதில் பாம்பு சிக்கினால் செதிலுக்குள் நூல் இறங்கிவிடும். பிடிக்க வருகிறவரிடம் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.