5ஜி டவரில் யாருக்கு எப்போது பங்கு? பைத்தானில் ஒரு குட்டி ஷெட்யூலர்

சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் மாலையில் போனில் 5ஜி என்று காட்டும், எடுத்த போட்டோ மட்டும் போகாது. சிக்னல் இருக்கிறது, பங்குதான் கிடைக்கவில்லை. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் (ஸ்லாட் என்பது நொடியின் மிகச் சிறு துண்டு) அந்தப் பங்கைப் பிரிப்பது ஷெட்யூலர். அதை லேப்டாப்பிலேயே செய்து பார்க்கப் பைத்தானும், அதன் எண் கணக்கு நூலகமான நம்பையும் (NumPy) போதும். என்எஸ்-3 நல்ல நெட்வொர்க் சிமுலேட்டர்தான். ஆனால் முதல் நாளே அதில் இறங்கினால் நிறுவி முடிப்பதற்குள் ஆசை தீர்ந்துவிடும்.

படி 1. 100 மெகாஹெர்ட்ஸ் அகலமும் துணை அலைகளுக்கிடையே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியும் உள்ள 5ஜி செல்லில் 273 ரிசோர்ஸ் பிளாக்குகள் (பிரித்துக் கொடுக்கும் அலைவரிசைத் துண்டுகள்) இருக்கும், ஒரு ஸ்லாட் 0.5 மில்லிசெகண்ட். இப்போதைக்கு ஒரு ஸ்லாட்டின் எல்லா பிளாக்கையும் ஒரே ஆளுக்குக் கொடுங்கள். பிரித்துக் கொடுப்பதை அப்புறம் சேர்க்கலாம்.

படி 2. மூன்று பேரை உருவாக்குங்கள்: கேலரியில் ஒருவர் (நல்ல சிக்னல்), திருவல்லிக்கேணிச் சந்து வீட்டுக்குள் ஒருவர் (மோசம்), பறக்கும் ரயிலில் ஒருவர் (ஏறி இறங்கும்). ஒவ்வொரு ஸ்லாட்டிலும் அவரவர் பெறக்கூடிய வேகத்தை ரேண்டமாக எடுங்கள்.

படி 3. ஒவ்வொருவருக்கும் 'இப்போதைய வேகம் ÷ இதுவரையிலான சராசரி' கணக்கிட்டு, அதிகம் வந்தவருக்கு ஸ்லாட்டைக் கொடுங்கள். இதன் பெயர் புரொபோர்ஷனல் ஃபேர்.

சராசரியைப் புதுப்பிக்கும் வரியில்தான் கவனம் வேண்டும். புதிய சராசரி என்பது பழையதில் 99 சதவீதம், இந்த ஸ்லாட்டில் கிடைத்ததில் 1 சதவீதம். ஸ்லாட் கிடைக்காதவருக்கும் இதைச் செய்ய வேண்டும், கிடைத்தது 0 என்று போட்டு. அவரைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? ரயில்காரர் நல்ல சிக்னலில் இருந்தபோது ஏறிய சராசரி அப்படியே உறைந்துவிடும். ரயில் கட்டடங்களுக்குப் பின்னால் போனதும் வேகம் விழும், சராசரி விழாது, முறை வரவே வராது. புரோகிராம் எந்தப் பிழையும் காட்டாது என்பதுதான் இதில் கொடுமை.

படி 4. இப்போது 'அறிவு': யாருக்கு ஸ்லாட் என்பதை ஏஜென்ட் என்ற புரோகிராம், ஒவ்வொரு முடிவுக்கும் கிடைக்கும் மதிப்பெண்ணைப் (ரிவார்ட்) பார்த்துத் தானே கற்கட்டும். இதற்கான பைத்தான் நூலகங்களில் ஜிம்னேசியம், ஸ்டேபிள் பேஸ்லைன்ஸ்3 இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஏஜென்ட் பார்ப்பது மூவரின் வேகமும் சராசரியும். செய்வது ஆளைத் தேர்ந்தெடுப்பது. ரிவார்டாக மொத்த வேகத்தைக் கொடுத்தால் அது சமர்த்தாக எல்லாவற்றையும் கேலரிக்கே ஊட்டிவிடும். சராசரிகளின் லாக் (மடக்கை) மதிப்புகளைக் கூட்டி அதைக் கொடுங்கள். லாக்கில் குறைவாக இருப்பவருக்குக் கிடைக்கும் சிறு ஏற்றமும் பெரிதாகத் தெரியும், சந்து வீட்டுக்காரர் பிழைத்துக்கொள்வார்.

பங்கு எவ்வளவு சமமாகப் பிரிந்தது என்று சரிபார்க்க ஜெயின் குறியீடு: மூவரின் சராசரிகளுடைய கூட்டுத்தொகையின் வர்க்கத்தை, வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். ஒருவரே எல்லாம் வாங்கினால் 0.33, சமமாகப் பிரிந்தால் 1. ஆனால் 1-ஐத் துரத்த வேண்டாம்; அதற்காக மொத்த வேகம் சரிந்தால் யாருக்கும் லாபமில்லை. எல்லா முறைகளையும் ஒரே ரேண்டம் சீடில் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்; அது ஒன்றானால் எண்களும் ஒன்றே) ஓட்டி ஒப்பிடுங்கள்.

சேர்த்தது: வாசகர்கள் இருவருக்கு முதல் ஸ்லாட்டிலேயே பூஜ்ஜியத்தால் வகுக்கும் பிழை வந்திருக்கிறது. சராசரியை 0-வுக்குப் பதில் 1-இல் தொடங்குங்கள்.

மேலும் ஒன்று: அனுப்ப டேட்டாவே இல்லாதவருக்கு ஸ்லாட் போவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். ஆளுக்கொரு வரிசை வைத்து, அது காலியாக இருப்பவரைத் தேர்வுக்கு முன்பே நீக்கிவிடுங்கள்.