சென்னை ரோட்டுல வண்டி தூக்கிப் போடாம இருக்க டயரும் வீலும் எப்படிப் பாத்து வாங்குறது – முதல் தடவ மாத்துறவங்களுக்கு

நான் செகண்ட்ஹேண்ட்ல வாங்குன ஸ்விஃப்ட்ல பழைய ஓனர் 17 இன்ச் அலாய் வீல் போட்டு 205/45 டயர் மாட்டியிருந்தாரு. பாக்க சூப்பரா இருக்கும், ஆனா ஆற்காடு ரோட்டுல மெட்ரோவுக்காகத் தோண்டி மூடி அதுக்கு மேல தார் ஒட்டுப் போட்ட இடத்துல எல்லாம் ஒவ்வொரு ஒட்டும் இடுப்புல வந்து இடிக்கும், பின்னாடி சீட்ல உக்காந்த அம்மா போரூர் தாண்டுறதுக்குள்ள "ஆட்டோலயே போயிருக்கலாம்டா"ன்னுடுவாங்க. மெக்கானிக்கிட்ட காட்டுனா ஷாக் அப்சார்பர் நல்லாத்தான் இருக்கு, சஸ்பென்ஷன்ல இருக்குற ரப்பர் புஷ்ஷும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. (இதை நீங்களும் முதல்ல பாத்துடுங்க, ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிஞ்சா எந்த டயர் போட்டும் பிரயோஜனம் இல்ல.) அப்புறம் டயர், வீல் ரெண்டையும் மாத்துனதும் அதே வண்டி வேற வண்டி மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு என்னென்ன பாக்கணும்னு வரிசையா சொல்றேன்.

1. முதல்ல டிரைவர் கதவைத் திறங்க

கதவோரத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்க வண்டிக்கு கம்பெனி சொல்ற டயர் சைஸ், எவ்ளோ காத்து வைக்கணும்னு ரெண்டும் அதுல போட்டிருக்கும். போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, கடைக்குப் போனா இதுதான் உங்க ஆதாரம். இப்ப வண்டில மாட்டியிருக்குற டயரைப் பாத்து "இதே சைஸ் குடுங்க"ன்னு கேக்காதீங்க, முன்னாடி யாரு என்ன மாத்தி வெச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

2. டயர் மேல இருக்குற நம்பர்

185/65 ஆர்15 88எச்னு இருக்குன்னு வெச்சுக்கங்க. 185 அகலம், மில்லிமீட்டர்ல. 65ங்கிறது அந்த அகலத்துல எத்தன சதவீதம் சைடு சுவரோட உயரம்னு சொல்றது. ஆர்னா ரேடியல், அதாவது டயருக்குள்ள நூல் போட்டிருக்குற விதம். 15 ரிம் சைஸ், இன்ச்ல. 88 ஒரு டயர் தாங்குற எடைக்கான குறியீடு, 560 கிலோ. எச்னா 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும்.

சொகுசுக்கு முக்கியமானது அந்த ரெண்டாவது நம்பர்தான். பள்ளத்துல இறங்கும்போது முதல்ல அமுங்கிக் குடுக்குறது டயரோட சைடு சுவரு, அதுக்கு அப்புறம்தான் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். சுவரு உயரமா இருந்தா அமுங்க இடம் இருக்கு, குட்டையா இருந்தா அடி நேரா ரிம்முக்குப் போயி ரிம்ல இருந்து உங்க முதுகுக்கு வரும்.

ஸ்விஃப்ட் கணக்கையே போடுவோம். கீழ் வேரியண்ட்ல வர்ற 165/80 ஆர்14க்கு சுவரு 132 மிமீ. மேல் வேரியண்ட்ல வர்ற 185/65 ஆர்15க்கு 120. வெளியில நிறைய பேரு ஏத்திக்கிற 195/55 ஆர்16க்கு 107. என் வண்டில இருந்த 205/45 ஆர்17க்கு வெறும் 92. இந்த நாலு டயரோட மொத்த விட்டமும் கிட்டத்தட்ட 62 சென்டிமீட்டர்தான், அதாவது வெளியில இருந்து பாத்தா சக்கரம் ஒரே உயரம், உள்ள ரிம் பெருசாகப் பெருசாக ரப்பரும் காத்தும் இருக்குற இடம் சுருங்கிக்கிட்டே போகுது. 14க்கும் 17க்கும் நடுவுல 4 சென்டிமீட்டர் போயிடுது.

அதனால என் கருத்து இதுதான்: தினமும் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் ஓட்டுற வண்டின்னா கம்பெனி குடுத்த ரிம் சைஸுக்கு மேல ஒரு இன்ச் கூட ஏத்தாதீங்க. ஒரே மாடலுக்கு கம்பெனியே ரெண்டு சைஸ் குடுத்திருந்தா சின்ன ரிம்மை எடுங்க. வளைவுல வண்டி கொஞ்சம் கூடுதலா சாயும், ஸ்டீயரிங் திருப்புனதும் வெடுக்குனு திரும்பாது, கிண்டி டிராஃபிக்ல ஓட்டுறதுக்கு அதெல்லாம் ஒரு குறையே இல்ல.

எடை குறியீட்டை மட்டும் கம்பெனி சொன்னதுக்குக் கீழ இறக்காதீங்க. 205/45 ஆர்17ல சாதாரண டயருக்கு 84தான், அதாவது 500 கிலோ. அதுல 88 வேணும்னா எக்ஸ்எல்னு (கூடுதல் எடை தாங்குறது) போட்ட டயர் வாங்கணும், அது இன்னும் விறைப்பா இருக்கும். குட்டை சுவரு, அதுவும் விறைப்பா இருந்தா சொகுசு எங்கருந்து வரும்?

3. எந்த டயர்

கடையில முதல்ல கேக்குறது "எந்த பிராண்டு சார்?"னுதான். பிராண்டை விட மாடலைக் கேளுங்க, ஒரே கம்பெனில சொகுசுக்கு ஒண்ணு, மைலேஜுக்கு ஒண்ணு, ரொம்ப நாள் உழைக்கிறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். எனக்குப் பிடிச்சது மிச்செலின் பிரைமசி 4 எஸ்டி, சத்தம் கம்மி, மழையிலயும் நம்பி பிரேக் அடிக்கலாம். பட்ஜெட் இடிச்சா யோகஹாமா எர்த்-1, சுவரு மெத்துனு இருக்கும். நம்ம ஊரு எம்ஆர்எஃப் 1946ல திருவொற்றியூர்ல பொம்மை பலூன் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க டயருக்கு சுவரு திடமா இருக்கும், கல்லும் முள்ளுமா இருக்குற ரோட்டுக்கு அடிக்கடி போறவங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். மெத்துனு இருக்குற சுவருல ஒரு விஷயம், பிளாட்ஃபாரத்துல உரசிப் பார்க் பண்ற பழக்கம் இருந்தா சீக்கிரம் வெட்டுப்படும். சுவருல வெட்டு விழுந்தா பஞ்சர் ஒட்ட முடியாது, டயரையே மாத்தணும்.

நமக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, அதனால சொகுசு சொகுசுன்னு பாத்து ஈர ரோட்டுப் பிடியை விட்டுறாதீங்க. டயரைச் சுத்தி ஓடுற அகலமான பள்ளம் மூணு நாலு இருக்கான்னு பாருங்க, அதுதான் தண்ணியை வெளிய தள்ளும். பட்டன் தேய்ஞ்சு அந்தப் பள்ளத்தோட ஆழம் 1.6 மிமீ வந்தா சட்டப்படி மாத்தியாகணும், ஆனா வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஓட்டுறவங்க 3 மிமீ வந்ததும் மாத்திடுங்க.

தேதி: டயர்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசில நாலு நம்பர் இருக்கும். 3225னா 2025ல 32வது வாரம் செஞ்சது. ஆறு மாசத்துக்குள்ள செஞ்சதா கேளுங்க, நாலு டயர்லயும் தனித்தனியா பாருங்க. ஒரு டயர்ல மட்டும் அந்த நம்பர் உள்பக்கமா திரும்பியிருந்தா மாட்டுறதுக்கு முன்னாடியே திருப்பிக் காட்டச் சொல்லுங்க.

விலை கேக்கும்போது ஞாபகம் வெச்சுக்க வேண்டியது, 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருச்சு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ரெண்டு மூணு கடை ஏறி இறங்குங்க, பில்லோட விலை கேளுங்க, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேத்தா சேக்காமலான்னு கேளுங்க.

4. வீல் – இங்கதான் நிறைய பேரு மாட்டிக்கிறாங்க

ரிம் இன்ச் சரியா இருந்தா போதும்னு கடையில சொல்லுவாங்க. போதாது. நட்டு எத்தனை, அது எவ்ளோ வட்டத்துல இருக்குங்கிறது பிசிடி, ஸ்விஃப்ட்டுக்கு 4x100. வீல் உள்ள தள்ளி உக்காருதா வெளிய தள்ளி உக்காருதாங்கிறது ஆஃப்செட், வீல் உள்பக்கம் ஈடின்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், கம்பெனி வீல்ல இருக்குறதுக்குக் கிட்டத்தட்ட இருக்கணும். இது ரெண்டும் கடைக்காரங்களே பாத்துடுவாங்க.

யாரும் பாக்காதது நடு ஓட்டை. ஸ்விஃப்டோட ஹப் (வண்டில வீல் போய் உக்காருற நடு மேடு) 54.1 மிமீ, கம்பெனி வீலோட நடு ஓட்டையும் அதே அளவு, அதனால வீல் ஹப்புல கச்சிதமா உக்காரும். வெளில விக்கிற அலாய் நிறைய வண்டிக்குப் பொருந்தணும்னு ஓட்டையைப் பெருசா, 67.1, 73.1ன்னு விட்டிருப்பாங்க. அதை ஹப்புல மாட்டுனா சுத்தியும் இடைவெளி, வீலை நடுவுல நிறுத்துறது நாலு நட்டு மட்டும்தான். கொஞ்சம் ஒதுங்கி உக்காந்தாலும் 80 தாண்டுனதும் ஸ்டீயரிங் நடுங்கும்.

எனக்கு இதான் நடந்துச்சு. 17 இன்ச்சைக் கழட்டிட்டு ஒரு கடையில 15 இன்ச் அலாய் வாங்கி மாட்டியாச்சு, சிட்டிக்குள்ள அருமையா போகுது, ஈசிஆர்ல 90 போனா நடுக்கம். பேலன்சிங் போட்டாங்க, திரும்பவும் போட்டாங்க, மெஷின் ரெண்டு பக்கமும் ஜீரோ காட்டுது, கடைக்காரரு "மெஷினே சொல்லுது சார், வண்டிலதான் ஏதோ"ங்குறாரு. மெஷின் பொய் சொல்லல. பேலன்சிங் மெஷின்ல வீலை மாட்டும்போது நடு ஓட்டைக்குள்ள ஒரு கூம்பு நுழைஞ்சு வீலைச் சரியா நடுவுல பிடிச்சுக்குது, அங்க ஜீரோதான் வரும். வண்டில அந்தக் கூம்பு கிடையாது. வேற ஒரு அலைன்மென்ட் கடைல இருந்த பெரியவருதான் வீலைக் கழட்டி ஹப் மேல வெச்சு விரலால ஆட்டிக் காட்டுனாரு, டக் டக்குனு ஆடுது. இதுக்கு ஹப் ரிங்னு ஒரு வளையம் கிடைக்குது, உள்ள 54.1, வெளிய உங்க வீலோட ஓட்டை அளவு. நாலும் போட்டதும் நடுக்கம் சுத்தமா நின்னுடுச்சு. அலுமினியத்துலயும் கிடைக்கும், பிளாஸ்டிக்லயும் கிடைக்கும். சூடு பட்டுப் பட்டு பிளாஸ்டிக் உடையும்னு நான் அலுமினியம்தான் சொல்லுவேன்.

மாட்டும்போது வண்டி ஜாக்கிலயே இருக்கணும், நாலு நட்டையும் கையால முடுக்கி, அப்புறம் எதிரெதிரா முடுக்கி, கீழ இறக்குனதும் டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து முடுக்குற ஸ்பேனர்) கையேட்டுல இருக்குற அளவு வைக்கணும். ஏர் கன்ல டர்ருன்னு இறுக்கிட்டுப் போற கடையா இருந்தா கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க.

அலாயா ஸ்டீலா? எல்லா அலாயும் லேசு இல்ல, மலிவான அலாய் சிலது ஸ்டீல் அளவுக்கு கனமா இருக்கும், தூக்கிப் பாருங்க. வீல் கனமா இருந்தா பள்ளத்துல அது மேலயும் கீழயும் ஆடுறதை ஷாக் அப்சார்பரால சீக்கிரம் அடக்க முடியாது. தண்ணி நிறைஞ்ச பள்ளத்துல விட்டா ஸ்டீல் நெளியும், தட்டி நிமித்திடலாம். அலாய் விரிசல் விடும், அதை வெல்டிங் வெச்சு ஓட்டாதீங்க. எனக்குக் கேட்டா கம்பெனி ஸ்டீல் ரிம்மும் வீல் கப்புமே தாராளம். அலாய்தான் வேணும்னா பெரிய சைஸ் ஏத்துறவங்க புது வண்டில இருந்து கழட்டிக் குடுத்துட்டுப் போற கம்பெனி அலாய் டயர் கடைகள்ல கிடைக்கும், அதைக் கேளுங்க. ஓட்டை, ஆஃப்செட், நட்டு எல்லாமே சரியா இருக்கும்.

5. காத்து

புது டயர் மாட்டும்போது ரிம்ல உக்காரணும்னு காத்தை ஏத்தி அடிப்பாங்க, பல கடையில அப்படியே 40ல விட்டுருவாங்க. நீங்க வெளிய வந்து "இவ்ளோ செலவு பண்ணியும் கல்லு மாதிரி இருக்கே"ன்னு நினைப்பீங்க. கதவு ஸ்டிக்கர்ல இருக்குறதை வைங்க. அதுல கேபிஏல இருந்தா 6.9ஆல வகுத்துக்கங்க, 220னா 32 பிஎஸ்ஐ. டயர் சுவருல "மேக்ஸ்"னு இருக்குற நம்பர் டயர் தாங்குற உச்சம், அதை வைக்கக் கூடாது.

காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாக்கணும். மே மாச வெயில்ல பங்க் வரைக்கும் ஓட்டிட்டுப் போய் பாத்தா நாலஞ்சு பிஎஸ்ஐ கூட காட்டும், அதைப் பாத்து இறக்குனீங்கன்னா மறுநாள் காலையில குறைவா இருக்கும். அதுக்குத்தான் வண்டி சாக்கெட்ல சொருகுற சின்ன கம்ப்ரசர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். இன்னும் மெத்துனு இருக்கட்டும்னு ஸ்டிக்கருக்குக் கீழ இறக்குறவங்க இருக்காங்க, வேணாம், சுவரு அதிகமா மடங்கி சூடாகும், பள்ளத்துல ரிம் அடி வாங்கும்.

அப்டேட் 1: கமெண்ட்ல ஒருத்தர் கிரெட்டாவுக்கு 17ல இருந்து 16க்கு இறங்கலாமான்னு கேட்டாரு. கணக்கு போடுங்க: 205/65 ஆர்16ல சுவரு 133, 215/60 ஆர்17ல 129. நாலு மில்லிமீட்டருக்காக செலவு பண்ண வேணாம். இன்ச்சை மட்டும் பாக்காம சுவரைக் கணக்கு போடுங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

அப்டேட் 2: ஸ்விஃப்ட் மேல் வேரியண்ட்ல 15ஐ எடுத்துட்டு 14 போடுறவங்க, பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற பாகம்) ரிம்ல இடிக்குதான்னு ஒரு வீலை மட்டும் முதல்ல மாட்டி கையால சுத்திப் பாத்துட்டு வாங்குங்க.

அப்டேட் 3: ரெண்டு டயர் மட்டும் மாத்துனா புதுசு முன்னாடியா பின்னாடியா? பின்னாடி. முன் சக்கர டிரைவ் வண்டியா இருந்தாலும் பின்னாடிதான். கடையில "சார், ஸ்டீயரிங் முன்னாடி இருக்கு, புதுசை முன்னாடி போடுங்க"ன்னு அடம் பிடிப்பாங்க. மழைத்தண்ணில முன் டயர் வழுக்குனா வண்டி நேரா போகும், ஆக்சிலரேட்டரை விட்டா அடங்கும். பின் டயர் வழுக்குனா வண்டியே சுத்திடும், சாதாரணமா ஓட்டுறவங்களால அதை நிறுத்த முடியாது.

அப்டேட் 4: வீல் மாத்துனதும் 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு நட்டை ஒரு தடவ திரும்ப இறுக்கிப் பாருங்க. அலாய்ல இருந்து ஸ்டீலுக்கு மாறுனவங்க ஸ்டீலுக்கான நட்டையும் கேட்டு வாங்குங்க, நட்டோட உக்காருற முனை வீலுக்கு வீல் மாறும், பொருந்தாத நட்டு இறுகுன மாதிரி தெரிஞ்சாலும் ஓட ஓட லூஸ் ஆகும்.