ஈஸ்ட் பே மலைச்சரிவில் பழைய வீடு வாங்குகிறீர்களா? சாக்கடைக் குழாயின் வாட்டத்தைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்கு வந்து, சில வருடங்கள் வாடகையில் இருந்துவிட்டு, இப்போது சொந்த வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ரீமான்ட், டப்ளின் பக்கம் புது வீடு வாங்குகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. ஓக்லாந்து, பியட்மான்ட், எல் செரிட்டோ, கென்சிங்டன் என்று ஈஸ்ட் பேயில், அதாவது வளைகுடாவின் கிழக்குப் பக்கத்து மலைச்சரிவில், 1920களிலும் 30களிலும் கட்டிய வீட்டின் மேல் ஆசை வைத்திருக்கிறவர்கள் முழுவதையும் படித்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்தால் வளைகுடா தெரியும், மரத்தரை பளபளக்கும். நானும் என் மனைவியும் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலை 16,400 டாலர்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஊரில் நமக்குத் தெரிந்தது இரண்டு வகை. ஒன்று காம்பவுண்டுக்குள் செப்டிக் டேங்க், நிறைந்தால் லாரி வரும். இன்னொன்று பாதாளச் சாக்கடை இணைப்பு, தெருவில் அடைத்துக்கொண்டால் கார்ப்பரேஷனுக்குப் போன் போடுவோம். இங்கே வீட்டிலிருந்து தெருவின் பெரிய குழாய் வரை போகும் குழாயை லேட்டரல் என்கிறார்கள். ஓக்லாந்தில் அந்த லேட்டரல் முழுவதும் வீட்டுக்காரருடைய பொறுப்பு. உங்கள் எல்லையைத் தாண்டி நடைபாதைக்கும் ரோட்டுக்கும் அடியில் போகிற பகுதியும் உங்களுடையதுதான். அங்கே உடைந்தால் ரோட்டைத் தோண்டும் செலவும் உங்கள் தலையில்.

சட்டபூர்வமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றை உங்கள் ஏஜென்ட்டே நினைவுபடுத்துவார். ஈஸ்ட் பே மட் என்று எல்லோரும் சொல்கிற தண்ணீர் வாரியம் 2011-இல் ஒரு விதியைத் தொடங்கியது. வீட்டை விற்கும்போதோ, ஒரு லட்சம் டாலருக்கு மேல் வேலை செய்யும்போதோ, தண்ணீர் மீட்டரின் அளவை மாற்றும்போதோ, லேட்டரல் கசியவில்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். குழாய் முழுவதையும் மாற்றியிருந்தால் சான்றிதழ் 20 வருடம் செல்லும். பழுது பார்த்தோ அப்படியேயோ சோதனையில் தேறினால் 7 வருடம். கைமாறும் தேதிக்குள் முடியவில்லை என்றால் 4,500 டாலரை எஸ்க்ரோவில், அதாவது பொதுவான மூன்றாம் ஆள் வைத்திருக்கும் கணக்கில், கட்டிவிட்டு 180 நாள் அவகாசம் வாங்கலாம். ஓரிண்டா, லஃபாயெட் போன்ற ஊர்களில் தண்ணீர் இவர்களுடையது, சாக்கடை வேறு அமைப்புடையது. அதனால் இந்த விதி உங்களுக்கு உண்டா என்பதைத் தண்ணீர் பில்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்த விதி வந்ததற்குக் காரணம் மழை. பழைய குழாய்களின் விரிசல் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து, சுத்திகரிப்பு நிலையங்களால் தாங்க முடியாமல், அரைகுறையாகச் சுத்தம் செய்த கழிவுநீர் வளைகுடாவில் கலந்துகொண்டிருந்தது. அதனால் சோதனை கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கசிகிறதா, இல்லையா? குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, காற்றையோ தண்ணீரையோ ஏற்றி, ஆய்வாளர் முன்னிலையில் பார்ப்பார்கள். விதி நல்ல விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் காகிதம் சொல்லாத ஒன்றை அது சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வீடு 1938-இல் கட்டியது. விற்றவர் சாக்கடைக் குழாயைப் புதிதாக மாற்றி, 20 வருடச் சான்றிதழோடு கொடுத்தார். போட்டி அதிகமாக இருந்த நேரம். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோது, “புதுக் குழாய்க்கு எதற்கு?” என்றார் எங்கள் ஏஜென்ட். எனக்கும் நியாயமாகவே பட்டது.

குடியேறி ஐந்தாவது மாதம். வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போதெல்லாம் கீழ்த்தள பாத்ரூமில் களக் களக் என்று சத்தம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஷவர் வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. சரிவில் இருக்கிற வீட்டில் எங்கே அடைத்தாலும் முதலில் பொங்குவது ஆகக் கீழே இருக்கிற துவாரம்தான். அதுதான் எங்கள் விருந்தினர் அறை. பிளம்பர் வந்து ஸ்னேக், அதாவது அடைப்பைக் குத்தி எடுக்கும் நீளக் கம்பி, விட்டார், போய்விட்டார். ஏழு வாரம் கழித்து மறுபடியும். அப்புறம் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் முந்நூறு, முந்நூற்றைம்பது டாலர். நீங்கள் எண்ணெயை ஊற்றுகிறீர்கள், வெட் வைப்ஸ் போடுகிறீர்கள் என்று எங்கள் மேலேயே பழி. என் மனைவி ஒரு சொட்டு எண்ணெயைக்கூட சிங்கில் விடுகிறவள் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டு அவள் பட்ட வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான்காவது முறை நானே பிடிவாதமாகக் கேமரா விடச் சொன்னேன். அப்போது மாமா, என் மனைவியின் அப்பா, ஊரிலிருந்து வந்திருந்தார். கான்ட்ராக்டர் இல்லாமல், கொத்தனாரை வைத்துத் தானே முன்னால் நின்று வீடு கட்டியவர். பிளம்பருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குழாய், உள்ளே சுத்தமாக, வழவழவென்று இருந்தது. 31 அடி வந்ததும் கேமரா தண்ணீருக்குள் மூழ்கியது. 49 அடியில்தான் வெளியே வந்தது. மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பிளம்பர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: “வாட்டமே இல்லையே மாப்பிள்ளை. பைப் தொங்குது.”

இதை இங்கே பெல்லி என்கிறார்கள், குழாய்க்குத் தொப்பை விழுந்த மாதிரி. நான்கு அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்பது இங்கே வழக்கமான கணக்கு. 18 அடிக்கு நாலரை அங்குலம் இறங்க வேண்டும். எங்களுடையது இறங்குவதற்குப் பதிலாக நடுவில் குழிந்து, பிறகு ஏறிப் போனது. தண்ணீர் அங்கே தேங்கும். காகிதமும் மற்றதும் அடியில் படியும். ஸ்னேக் அதில் ஒரு துளை போடும், சில வாரத்தில் துளை மூடிக்கொள்ளும்.

புதுக் குழாயில் எப்படித் தொப்பை வந்தது? இதுதான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம். பள்ளம் தோண்டாமல் குழாய் மாற்றும் முறை ஒன்று உண்டு, பைப் பர்ஸ்டிங் என்று பெயர். இரண்டு முனையில் மட்டும் குழி எடுத்து, பழைய களிமண் குழாயை உள்ளிருந்தே உடைத்துக்கொண்டு, அதே தடத்தில் புதுப் பிளாஸ்டிக் குழாயை இழுத்துவிடுவார்கள். தோட்டம் கெடாது, ஒரே நாளில் முடியும். புதுக் குழாயில் இணைப்பு இடைவெளியே இல்லாததால் வேரும் புகாது, காற்றும் கசியாது. சோதனையில் முதல் தரத்தில் தேறும். ஆனால் அது பழைய குழாய் போன பாதையிலேயே போகிறது. பழையது தொங்கியிருந்தால் புதியதும் தொங்கும். பழைய குழாய்க்கு உள்ளே உறை போடும் லைனிங் முறைக்கும் இதே கதைதான். தொப்பையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தோண்டி, அடியில் ஜல்லி போட்டுக் கெட்டித்து, வாட்டம் பார்த்துப் புதிதாகப் பதிப்பதுதான் வழி.

மலைச்சரிவில் இது அதிகம் நடக்கக் காரணம் உண்டு. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்துதான் வீடும் கார் பாதையும் கட்டியிருப்பார்கள். கொட்டிய மண் வருடக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருக்கும். களிமண் நிலம் மழையில் ஊதி, கோடையில் சுருங்கும். போதாததற்கு ஹேவர்ட் பிளவு இந்த மலையடிவாரத்தின் வழியாகவே ஓடுகிறது; நிலநடுக்கம் இல்லாத நாட்களிலும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் நகர்கிறது. மேலே செங்குத்தாக வேகமாக இறங்கும் தண்ணீர், அடிவாரத்தில் சமதளமான இடத்தில் வேகம் இழக்கும். எங்கள் தொப்பை சரியாகக் கார் பாதைக்கு அடியில், கொட்டிய மண்ணில் இருந்தது.

அதனால் சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்ஸ்பெக்‌ஷன் நாட்கள், அதாவது வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும் நாட்கள், முடிவதற்குள் கேமரா விடுங்கள். எனக்கு ஆன செலவு 350 டாலர். விற்கிறவர் காட்டும் பழைய வீடியோ போதாது, நீங்களே ஆள் வைத்து, கூட நின்று பாருங்கள். முதலில் அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கீழே அடைப்பு இருந்தாலும் தண்ணீர் தேங்கித் தொப்பை மாதிரியே தெரியும். அப்புறம் பத்து, பதினைந்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டு, தெருக் குழாய் வரை போகச் சொல்லுங்கள். லென்ஸ் எந்த அடியில் மூழ்குகிறது, எந்த அடியில் வெளிவருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமராத் தலையில் சிக்னல் அனுப்பும் கருவி இருக்கும். அதை வைத்து மேலே தரையில் இடத்தையும் ஆழத்தையும் பெயிண்டால் குறிக்கச் சொல்லுங்கள். வீடியோ கோப்பு கட்டாயம் உங்கள் கைக்கு வர வேண்டும். பெரிய வேலை என்று யாராவது சொன்னால், அதை வேறொருவரிடம் காட்டிக் கேட்கலாம்.

கேமராவில் என்ன குழாய் என்பதும் தெரியும். செம்பழுப்பாக, இரண்டு மூன்று அடிக்கு ஒரு இணைப்போடு இருந்தால் களிமண் குழாய், இணைப்புகளில் வேர் தேடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீடுகளில் ஆரஞ்ச்பர்க் என்ற தார் தோய்த்த நார்க் குழாய் இருக்கலாம். அது வட்டம் போய் நீள்வட்டமாக நசுங்கியிருக்கும். அதில் அதிவேகத் தண்ணீர் அடிக்கும் ஹைட்ரோ ஜெட் விட்டால் பிய்ந்துவிடும், யோசித்துச் செய்யுங்கள். வீட்டுக்கு அடியில் இருக்கிற வார்ப்பிரும்புக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள், அது லேட்டரல் சான்றிதழில் வராது. வேரைக் கொல்ல மயில்துத்தம் போடலாமே என்று நம் ஊர்க்காரர் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். பே ஏரியாவின் ஒன்பது கவுண்டிகளில் சாக்கடையில் அதைப் போடுவதற்கு அனுமதி இல்லை, வளைகுடாவின் உயிரினங்களுக்கு அது விஷம்.

வீடு தெருவைவிடக் கீழே இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். குழாய் பின்பக்கமாக அடுத்தவர் நிலத்தின் வழியாக இறங்குகிறதா? அப்படியானால் பத்திரத்தில் அதற்கு உரிமை எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் கீழ்த்தள பாத்ரூம், தெருக் குழாயில் மேல்பக்கத்து மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருக்கிறதா? இருந்தால், தெருக் குழாய் அடைக்கும்போது ஊர்ச் சாக்கடை மூடி வழியாக வெளியேறுவதற்கு முன் உங்கள் ஷவர் வழியாக வரும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு இருக்கிறதா, அதைத் திறந்து சுத்தம் செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் சாக்கடை பொங்கி வரும் சேதம் பெரும்பாலும் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. தரைவிரிப்பு, மெத்தை, மாமா கொண்டு வந்திருந்த பெட்டி எல்லாம் போயின.

வேலைக்கு ஆள் வைக்கும்போது மாநில லைசென்ஸ் எண்ணை இணையத்தில் சரிபாருங்கள். வீட்டு வேலைக்கு முன்பணமாக 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கலிஃபோர்னியாவில் பொதுவாகக் கேட்கக் கூடாது. என்னிடம் முதலில் வந்தவர் பாதிப் பணம் கேட்டார், மறுத்து அனுப்பிவிட்டேன். தோண்டுவதற்கு முன், நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் குறித்துக் கொடுக்க வைக்கும் 811 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். 5 அடி ஆழமோ அதற்கு மேலோ போனால் மண் சரியாமல் முட்டுக் கொடுப்பது போன்ற பாதுகாப்பு பொதுவாகக் கட்டாயம், செலவு அங்கேதான் ஏறும்.

எங்கள் வேலை மூன்று நாளில் முடிந்தது. மாமா அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார். அவர் வீடு கட்டும்போது, பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பாராம். எனக்கும் அதையே சொல்லியிருந்தார். அதனால் பள்ளத்தை மூடுவதற்கு முன் கேமராவை மறுபடி விடச் சொல்லி, போனில் வீடியோ கால் போட்டு அவருக்குக் காட்டினேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 31 அடி, 40 அடி, 49 அடி, தண்ணீர் மெல்லிய கோடாக ஓடிக்கொண்டே இருந்தது. “இன்னொரு வாளி ஊத்தச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார். ஊற்றினோம். அதுவும் போன பிறகுதான் செக் எழுதினேன்.