“பழைய சாஃப்ட்வேர் மாதிரியே இருந்தா போதும்”

சாஃப்ட்வேர் எழுதும் முன் வாடிக்கையாளரிடம் தேவைகளைக் கேட்கப் போன இடத்தில் இந்த ஒரு வரியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதுதான், நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. பழையது ஏன் அப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியன் 5 ராக்கெட் சுமார் 40 விநாடிகளில் திசை தவறி வெடித்துச் சிதறியது. அதன் வழிகாட்டும் கருவிக்கான மென்பொருளை ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். அங்கே ஒழுங்காக ஓடியதுதான். ஆனால் ஏரியன் 5-க்குக் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த வேகத்தைச் சார்ந்த 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணித்தபோது கொள்ளவில்லை, கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவி இருந்ததே? அதிலும் அதே மென்பொருள். அது சற்று முன்பே நின்றிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், ராக்கெட் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே ஏரியன் 5-க்குத் தேவையில்லை. கவுன்ட்டவுன் தடைபட்டால் சீக்கிரம் மறுபடி தொடங்க, ஏரியன் 4-க்காக வைத்த வசதி அது. புதிய ராக்கெட்டின் பாதை விவரமோ அந்தக் கருவியின் தேவைப் பட்டியலில் இல்லவே இல்லை என்றது விசாரணைக் குழு.

நம்மூர் கடை பில்லுக்கு வருவோம். “தள்ளுபடி வேணும்” என்று எழுதினால் போதாது. 1000 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் தள்ளுபடி, ஜிஎஸ்டி 18 சதவீதம். கழித்துவிட்டு வரி போட்டால் 1062. வரி போட்டுவிட்டுக் கழித்தால் 1080. எது என்று கேட்காவிட்டால், புரோகிராமர் தனக்குத் தோன்றியதைப் போடுவார்.

“வேகமா இருக்கணும்” என்பதும் அப்படித்தான். எத்தனை விநாடி, எத்தனை கவுன்ட்டர் என்று எண்ணாக வாங்குங்கள். போனில் சொன்ன மாற்றத்தை அன்றைக்கே எழுதி அனுப்பி, ‘சரி’ வாங்கிவிடுங்கள்.

முதலாளியிடம் மட்டும் பேசுவது இன்னொரு தவறு. ஒருநாள் கவுன்ட்டரில் நின்று பாருங்கள். பாதி பில்லில் ஒருவர், “இருங்க, சீனி மறந்துட்டேன்” என்று உள்ளே ஓடுவார். பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். அந்தப் பில்லை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போட வழி வேண்டும். இதை எந்த முதலாளியும் மீட்டிங்கில் சொன்னதில்லை. பில் போடும் பெண் முதல் வார்த்தையாகச் சொல்வார்.