லைசென்ஸ் உள்ளவர் செய்த ஒயரிங்கில் கோளாறு தெரிந்தால்

துவைக்கிற மிஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. நானும் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. என் காலில் ரப்பர் செருப்பு இருந்தது, அம்மா வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று வேலை செய்கிறவர். இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு நாள் ஆனது.

திண்டுக்கல்லில் மாடி எடுத்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒயரிங் செய்தவர் லைசென்ஸ் வைத்திருக்கும் காண்ட்ராக்டர். கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவன் என்பதால் லைசென்ஸ் நகலை முதலிலேயே வாங்கி, தேதியைச் சரிபார்த்து ஃபைலில் போட்டிருந்தேன். மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கக் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் அவர் கையெழுத்துதான். ஆனால் காடி வெட்டி, பைப் பதித்து, ஒயர் இழுத்ததெல்லாம் அவர் அனுப்பிய இரண்டு பையன்கள். அவர் வந்தது மூன்று தடவை, அதில் இரண்டு தடவை பணம் வாங்க.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் முதல் வேலை, அந்த லைனின் எம்சிபியை (அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் தானாக விழும் ஸ்விட்ச்) இறக்கிவிட்டு அதன்மேல் ஒரு டேப் ஒட்டுங்கள், யாரும் தெரியாமல் ஏற்றிவிடாமல் இருக்க. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் ஃபோட்டோ: மெயின் போர்டு, டிபி பாக்ஸ் (எம்சிபிகள் வரிசையாக இருக்கும் பெட்டி), கருகிய ஸ்விட்ச் ஏதாவது இருந்தால் அது. மூடியை நீங்களே கழற்ற வேண்டாம், வெளியே தெரிவது போதும்.

நான் இந்த வரிசையில் செய்யவில்லை. பதற்றத்தில் நேராகக் காண்ட்ராக்டருக்கே ஃபோன் போட்டேன். ஒரு பையன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான், "ஸ்க்ரூ லூஸ் சார்" என்று எதையோ முறுக்கிவிட்டுப் போனான். பத்து நாள் ஒன்றும் இல்லை, பதினோராம் நாள் மறுபடி சுர். முதல் தடவை உள்ளே என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

ஆகவே இரண்டாவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். முதல் ஆளுக்குப் பழக்கமில்லாத, லைசென்ஸ் உள்ளவராக, சொந்தமாக மீட்டர் வைத்திருப்பவராக இருக்கட்டும். அரை நாள் கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள், ரிப்பேர் வேலையையும் தருவதாக ஆசை காட்டாதீர்கள். எந்த எலக்ட்ரீஷியனும் முந்தைய ஆளைத் திட்டிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். நமக்கு அந்தத் திட்டு வேண்டாம். எந்தப் பாயிண்டில் என்ன அளவு வந்தது என்று அவர் கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்த தாள்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் முதலில் மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டரைச் செருகினார். எல்லாம் சரி என்று காட்டியது! பிறகு அதிலேயே இருக்கும் ஆர்சிசிபி பட்டனை அழுத்தினார். ஆர்சிசிபி என்பது போகிற மின்சாரத்துக்கும் திரும்புகிற மின்சாரத்துக்கும் வித்தியாசம் வந்தால், அதாவது எங்காவது கசிந்தால், தானாக விழும் ஸ்விட்ச். ஆர்சிசிபி விழவில்லை. டிபி பாக்ஸில் ஆர்சிசிபியின் சொந்த டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழுந்தது. "உள்ளே லூப் போட்டிருக்காங்க சார்" என்றார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துச் சப்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாக்கெட்டைக் கழற்றினார். எர்த் பின்னுக்கு வர வேண்டிய பச்சை ஒயரே இல்லை. நியூட்ரலிலிருந்து ஒரு விரல் நீளக் கறுப்பு ஒயரை எடுத்து எர்த் பின்னில் முறுக்கியிருந்தார்கள்.

இதைவிட ஆபத்தான குறுக்கு வழி வீட்டு ஒயரிங்கில் அதிகம் இல்லை. எர்த்தும் நியூட்ரலும் ஒன்றாகிவிட்டதால் டெஸ்டர் ஏமாந்துவிடுகிறது. அதன் பட்டன் விடும் கசிவு எர்த்துக்குப் போகாமல் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால் ஆர்சிசிபிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. நியூட்ரல் எங்காவது லூஸானால் மிஷின் ஓடும்போது அதன் உடம்பிலேயே மின்சாரம் ஏறும். முழுதாக அறுந்தால் 230 வோல்ட்டும் அங்கேதான் நிற்கும். அம்மாவுக்குச் சுர்ரென்றது அந்த லூஸ் நியூட்ரல். எர்த் பிட் தோண்டியாயிற்று, அங்கிருந்து டிபி பாக்ஸ் வரை ஒயரும் வந்திருக்கிறது. பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் மட்டும் இழுக்கவில்லை. ஒரு சுருள் ஒயர் மிச்சம்.

அடுத்தது கீசர். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். போட்டிருந்த ஒயர் 1.5 ஸ்கொயர் மில்லிமீட்டர், எம்சிபி 20 ஆம்பியர். எம்சிபி காப்பது ஒயரைத்தான், கீசரை அல்ல. 1.5 ஒயர் பைப்புக்குள் தாங்குவதே ஏறக்குறைய கீசர் இழுக்கும் அளவுதான். அது சூடாகி உருகினாலும் 20 ஆம்பியர் எம்சிபி சாவகாசமாகத்தான் விழும். உங்கள் வீட்டில் கீசர், ஏசி ஸ்விட்ச் போர்டு தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கர் என்ற மீட்டரை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷனும், அதாவது ஒயரின் உறை கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் எல்லா பிளக்கையும் பிடுங்கி, எல்இடி பல்புகளைக் கழற்றிவிட வேண்டும். ஒரு மெகா ஓமாவது வர வேண்டும். எங்கள் சமையலறை லைனில் 0.2 வந்தது.

இப்போதுதான் முதல் காண்ட்ராக்டரிடம் பேச வேண்டும். கத்த வேண்டாம். தாளைக் காட்டுங்கள். எங்கள் ஆள், "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் ஓடுது" என்றார். பிறகு பையன்கள்மேல் போட்டார். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து யாருடையது என்று மட்டும் கேட்டேன். நாளைக்கு வருகிறேன் என்றார், வரவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினேன். அதில் கோபம் ஒரு வரிகூட வேண்டாம். வேலை நடந்த தேதிகள், ஜிபேயில் கொடுத்த தொகைகள், இரண்டாம் ஆள் எழுதிய அளவுகள், சரிசெய்ய 15 நாள் அவகாசம். தவறினால் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன் என்று முடித்தேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2025 செப்டம்பரிலிருந்து அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதில் அனுப்பி டெலிவரிச் சான்றை எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில், வேலைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பேசிப் பேசியே அந்தக் காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

பன்னிரண்டாம் நாள் அவரே வந்தார், இந்தத் தடவை பையன்கள் இல்லாமல். ஒயர் அவர் செலவு. இரண்டாம் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று பார்க்க நான் கூலி கொடுத்தேன். முடிந்ததும் அதே டெஸ்டர், அதே பட்டன், ஆர்சிசிபி விழுந்தது. சமையலறை லைன் மட்டும் பழைய பைப்புக்குள் புது ஒயர் ஏறவில்லை, பைப் எங்கோ நசுங்கியிருக்கிறது. டைல்ஸை உடைக்க மனம் வராமல் வெளியே கேசிங் பட்டை அடித்துக் கொண்டுவந்தோம். பார்க்க அசிங்கம்தான். காடியைப் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தால் பைப் எங்கே வளைகிறது என்றாவது தெரிந்திருக்கும். ஒரே ஒரு டைல்ஸோடு போயிருக்கும்.